சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு

வாத்தியார் காலமாகி ஒரு மாதம் ஆகிறது. அவருக்கு நினைவு மலர் போடப் போகிறோம், ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று நம் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருவர் நினைவூட்டுகிறீர்கள். குழுவுக்கு ‘தெருப் பிள்ளைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் அறுபதுக்குப் பக்கத்தில் வயது. பாதிப் பேருக்கு மாடிப்படி ஏற முடியாது. பிள்ளைகளாம்.

இதுவரை வந்த கட்டுரைகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் தென்காசிக் கோபுரம் வருகிறது, குற்றாலத்துச் சாரல் வருகிறது, வாத்தியாரின் குடை வருகிறது. ‘அந்தக் காலத்துப் பாட்டும் அந்தக் காலத்துச் சத்தமும் இனி வருமா’ என்று ஒருவர் அழுதிருக்கிறார். சென்னையில் பதினோராவது மாடியில் குடியிருப்பவர். ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். இன்னொருவர் என்னைக் குறிப்பிட்டு, ‘உங்க அப்பா செஞ்ச ஸ்பீக்கர் மாதிரி அப்புறம் நான் எங்கயும் கேட்டதில்ல. சாரும் அப்பாவும் சேர்ந்து செஞ்ச அற்புதம் அது’ என்று எழுதியிருக்கிறார்.

அந்த அற்புதத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். அதிகாரி உள்ளே வரும்போது எழுந்து நிற்பதும் வெளியே போகும்போது எழுந்து நிற்பதுமாகப் பகலைக் கழித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அம்மாதான் நிற்க வேண்டும். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர் என்று தெருவில் பெயர். அவர் செய்ததெல்லாம், நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிற ரேடியோவைத் திறந்து பார்ப்பதுதான். மூடிய பிறகு அது பாடினால் அவர் கைராசி. பாடாவிட்டால் மழை ஈரம்.

அடுத்த வீட்டில் துபாய்க்காரர் இருந்தார். அங்கே ஒரு துணிக்கடையில் ஆறு வருஷம் நின்றுவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பி வந்தவர். குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற கடைத்தெருவில் கேசட் கடை வைக்கத் தீர்மானித்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் துண்டில் சுற்றிய நான்கு ஸ்பீக்கர்களை எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பெரியவை, சாப்பாட்டுத் தட்டு அகலம். இரண்டு சின்னவை, உள்ளங்கை அகலம். பின்னால் காந்தம் கல்லாகக் கனத்தது. காகிதக் கூம்பின் மேல் விரலை வைத்தால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அதற்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அண்ணாச்சி, பெட்டி நீங்கதான் செஞ்சு தரணும். சாரல் ஆரம்பிக்கதுக்குள்ள கடையத் தொறக்கணும். அருவிக்குப் போறவன் பாட்டைக் கேட்டு நின்னுறணும்” என்றார் துபாய்க்காரர்.

“நீங்க கவலையே படாதீய தம்பி. நிக்க வச்சிருவோம்” என்றார் அப்பா. மனு எழுதித் தரச் சொல்லி வருவார்கள், கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி வருவார்கள். இப்படி ஒன்றைச் செய்து தரச் சொல்லி அவரிடம் யாரும் வந்ததில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு ஆலோசகர் வேண்டியிருந்தது. வாத்தியார் வந்தார்.

உங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் இயற்பியல் நடத்தினார். உங்களுக்கு அது ஏறாமல் போனதற்கு அவர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர் சட்டைப் பையில் ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமான பென்சில் இருக்கும். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் அதை எடுத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்தித்தான் படிப்பார். தெருவில் பி.எஸ்.ஸி. படித்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் மின்சாரம், மழை, மாட்டு நோய் எல்லாவற்றிலும் அவர் சொன்னதே முடிவு. அப்பா எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர். வாத்தியார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவின் முதுகு வளைந்துவிடும்.

அப்பாவிடம் ஒரு இங்கிலீஷ் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை இருந்தது. அதில் கிராஸ்ஓவருக்குப் படம் போட்டிருந்தார்கள். கிராஸ்ஓவர் என்பது பாட்டைப் பங்கு பிரிக்கிற பலகை. கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லிய சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் அனுப்பும். ஒரு பெண் கீழிருந்து மேலே பாடிக்கொண்டு போனால், நடுவில் ஓரிடத்தில் அவள் பெரியதிலிருந்து சின்னதற்குக் கை மாற வேண்டும். அந்த இடத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து பாடும். இவ்வளவுதான் விஷயம். இதை வாத்தியார் ஒரு மணி நேரம் விளக்கினார்.

அந்தப் பலகைக்குச் செம்புக் கம்பியில் காயில், அதாவது சுருள், சுற்ற வேண்டும். அப்பா ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினார். யாராவது பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மூன்று நாள் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா உப்பு வேண்டுமா என்பதைக் கையால் கேட்டாள். தச்சர் பிளைவுட்டை அறுத்துப் பெட்டி அடித்தார். வீடெல்லாம் வச்சிரப் பசை நாற்றம். பெட்டிக்குள் அடைக்க அம்மாவின் தலையணையைக் கிழித்தார்கள். இலவம்பஞ்சு பறந்து சோற்றில் விழுந்தது. கடைசியில் முன்பக்கத் துணிக்காக அப்பா அம்மாவின் பெட்டியைத் திறந்து மயில்கழுத்து நிற நைலக்ஸ் சேலையை எடுத்தார். அம்மா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற சேலை.

“கடையில ஒரு முழம் துணி வாங்கப்படாதா?” என்றாள் அம்மா.

“கண்ட துணியும் சத்தத்தக் குடிச்சிரும். இந்தத் துணிதான் தோதுன்னு சார் சொல்லிட்டாரு.”

சார் எங்கள் வீட்டுச் சேலைப் பெட்டிக்குள் எப்போது பார்த்தார் என்று அம்மா கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டிகள் பாட இருந்தன. கூடத்தில் பாய் விரித்தார்கள். வாத்தியாருக்கு மட்டும் நாற்காலி. துபாய்க்காரர், அப்பாவின் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர், தச்சர் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கேசட்டை ஒரு பாடகியின் பாட்டில் நிறுத்தி வைத்திருந்தார் அப்பா. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். பல்லவியில் தாழ்ந்து பேசுவதுபோலப் பாடுவாள். சரணத்தில் படிப்படியாக ஏறி உச்சியில் ஒரு சொல்லை நீட்டி நிற்பாள்.

மத்தளம் நெஞ்சுக்குள் இடித்தது. ஆண்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் ஏறினாள். ஏற ஏற யாரோ அவளைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. உச்சியில் அவள் இல்லை. மத்தளம் இருந்தது, வயலின் இருந்தது, பாடகியின் மூச்சு மட்டும் எங்கோ சுவருக்குப் பின்னால் கேட்டது. இறங்கும்போது திரும்பி வந்தாள்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். “சினிமாக் கொட்டகையில இருக்க மாதிரில்லா இருக்கு!” என்றார் ஆபீஸ்காரர் ஒருவர். “விஞ்ஞானம்” என்றார் வாத்தியார்.

நான் சொன்னேன்: “மேல போகும்போது அவளக் காணோம்.”

“யாரட்டி?” என்றார் அப்பா.

“பாடுதால்லா, அவதான். உச்சிக்குப் போகையில காணாமப் போயிட்டு கீழ எறங்கையில வருதா.”

முதலில் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுத் தன் கைக்கடிகாரத்தை என் காதுக்குப் பின்னால் பிடித்து, “கேக்குதா பாப்பா?” என்றார். கேட்கிறது என்றேன். அதையே வேறு இடத்தில் பிடித்து, தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “ஒரு குறிப்பிட்ட சத்தம் மட்டும் கேக்காம இருக்க வியாதி உண்டு. டாக்டர்ட்ட காட்டிருங்க. பொம்பளப் பிள்ள, நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும்லா.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிள்ளைக்கு நோய் என்று கேட்டவரின் பயம் அதில் இல்லை. ஒரு பாரம் இறங்கிய நிம்மதிதான் இருந்தது. அந்த வயதில் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

மூன்று நாள் காதில் பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைச் சுற்றிப் பூண்டு மணந்தது. பிறகு பஜாரில் இருந்த காது டாக்டரிடம் அப்பா கூட்டிக்கொண்டு போனார். டாக்டருக்கு நல்ல வயது. இரண்டு கால் உள்ள ஒரு இரும்புக் கவையை முழங்கையில் தட்டி என் காதருகே வைத்து, சத்தம் நின்றதும் கையைத் தூக்கச் சொன்னார். நான் தூக்கவில்லை. சத்தம் மெலிந்து மெலிந்து நூலாகிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“இன்னுமா கேக்குது?” என்று அதைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். திரும்ப என் காதில் வைத்தார்.

“இப்பமும் கேக்குது” என்றேன்.

அவர் கவையை மேஜையில் போட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “காதுல ஒரு கோளாறும் இல்ல. பிள்ள பொய் சொல்லுது. கொஞ்சம் கண்டிச்சு வளங்க.”

தனக்குக் கேட்காததால் எனக்கும் கேட்டிருக்க முடியாது! இன்று எனக்கு அந்த டாக்டரின் வயது. கவையை என் காதில் வைத்தால் நானும் சீக்கிரம் கையைத் தூக்கிவிடுவேன். ஆனால் ஒரு பிள்ளையைப் பொய்க்காரி என்று சொல்லுவதற்கு முன்னால் என் காதைச் சந்தேகப்பட்டிருப்பேன். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

திரும்பி வந்து வாசலில் ஏறும்போது அப்பா சொன்னார்: “அப்போ வேணும்னேதான் என்னைக் கேவலப்படுத்தியிருக்கே. வார ஞாயித்துக்கெழம சார் வருவாரு. எல்லார் முன்னாலயும், நான் சொன்னது தப்புன்னு சொல்லி அவர்ட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

சனிக்கிழமை அப்பாவுக்கு ஆபீஸ். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து சீனி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தினமும் அப்பா செய்ததைப் பார்த்து எனக்கு எல்லாம் தெரியும். ஒரு பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் பாட வைத்தேன். அவள் ஏறினாள், மறைந்தாள். கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன். மறுபடியும் மறைந்தாள். எந்த ஸ்பீக்கர் அவளை விழுங்குகிறது என்று பார்ப்பதற்காகத் என் தலையணையை எடுத்துச் சின்ன ஸ்பீக்கரின் மேல் அழுத்தினேன்.

பாடகி வந்துவிட்டாள். கொஞ்சம் மந்தமாக, ஆனால் முழுசாக, உச்சியில் நின்றாள்.

தலையணையை எடுத்தேன். போய்விட்டாள். பெரிய ஸ்பீக்கரை மூடினேன். மெலிந்த குரலில் திரும்ப வந்தாள். எடுத்தேன். போய்விட்டாள்.

“ஏட்டி, என்ன செய்யுதே? அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெரட்டுதே?” என்றாள் அம்மா, அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்காமல்.

“யம்மா, ஒனக்கும் கேக்குதா?”

“செவிடா நான்? மூடுனா பாடுதா. தொறந்தா ஓடிப் போறா. அன்னைக்கே இப்பிடித்தான் ஓடுனா.”

“அன்னைக்கு ஏம்மா சொல்லல?”

அம்மா நறுக்கின காயை அரிவாள்மணையிலிருந்து வழித்துச் சட்டியில் போட்டாள்.

ஒவ்வொன்றும் தனியாக நன்றாகப் பாடுகிறது. சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. ஒரு கதவை உள்ளேயிருந்து ஒருத்தரும் வெளியேயிருந்து ஒருத்தரும் தள்ளினால் கதவு அசையாமல் நிற்பதுபோல. அது வரைக்கும் எனக்குப் புரிந்தது. மேலே என்ன செய்வது என்று தெரியாமல் அப்பாவின் மேஜையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் பிளஸ், மைனஸ் குறி தெரியும். அச்சடித்த படத்தில் பெரிய ஸ்பீக்கருக்கு நேராகப் போன கோடு, சின்ன ஸ்பீக்கருக்கு மாறிப் போயிருந்தது. பிளஸ் போகிற இடத்தில் மைனஸ். அந்த இடத்தில் நீலப் பென்சிலால் இரண்டு குறிகளையும் அடித்து, மாற்றி எழுதி, பக்கத்தில் ‘அச்சுப்பிழை’ என்று தமிழில் எழுதியிருந்தது. முத்து முத்தான கையெழுத்து. நீங்கள் எல்லாரும் மலருக்காக ஸ்கேன் செய்து அனுப்புகிறீர்களே, அதே கையெழுத்துதான்.

பின்னாளில் ஒரு இன்ஜினியரிடம் கேட்டபோது அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அந்த வகைக் கிராஸ்ஓவர், கை மாறுகிற இடத்தில் இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பிவிடும். அதனால் ஒன்றைத் தலைகீழாக இணைத்தால்தான் இரண்டும் சேர்ந்து தள்ளும். பத்திரிகைக்காரனுக்கு அது தெரிந்திருந்தது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் அச்சடித்தவன் ஒன்று சொல்கிறான், பென்சில் வேறொன்று சொல்கிறது என்பதுதான். பலகை பெட்டியின் முதுகில் வெளியே இருந்தது. திருப்புளியை எடுத்து, சின்ன ஸ்பீக்கருக்குப் போன சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றினேன். இரண்டு பெட்டியிலும் மாற்றினேன்.

அவள் ஏறினாள். ஏறிக்கொண்டே இருந்தாள். உச்சியில் நின்று அந்தச் சொல்லை நீட்டியபோது அம்மா கத்தரித்த அந்தச் சேலைத்துணி பெட்டியின் முகத்தில் அதிர்ந்தது. அம்மா நறுக்குவதை நிறுத்திவிட்டாள். “இன்னொருக்கப் போடு” என்றாள்.

மறுநாள் அதே பாய், அதே ஆட்கள், அதே நாற்காலி. அப்பா பாட்டைப் போட்டார். சரணம் வந்தது. அவள் உச்சிக்குப் போய் நின்றபோது பாயில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். துபாய்க்காரர் எழுந்தே நின்றார். “அண்ணாச்சி! என்ன செஞ்சிய? போன வாரம் இப்பிடி இல்லியே!”

அப்பா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சொன்னார்: “வார்னிஷ் காய்ஞ்சிருக்கு. மரம் உக்காந்துட்டு. நான்தான் ஒரு வாரம் ஆவட்டும்னு சொன்னேம்லா.”

அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தச்சர் தன் வார்னிஷைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். அப்பா மலர்ந்துபோய் என் பக்கம் திரும்பி, “ஏட்டி, சார்ட்ட சொல்லு” என்றார்.

நான் சொன்னேன்: “வார்னிஷ் இல்ல. நான்தான் நேத்து வயரை மாத்தி மாட்டுனேன். புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு. சார்தான் பென்சிலால தப்பா மாத்திட்டாங்க.”

வாத்தியார் எழுந்து பெட்டியின் பின்னால் போனார். குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார். “ஐயையோ. சிவப்புல கறுப்பு, கறுப்புல சிவப்பு! சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஆறாங்கிளாஸ் பயலுக்குத் தெரியுமே இது. காயில் எரிஞ்சு போயிருக்கும்லா!” தன் கையாலேயே திருப்புளியை வாங்கி நான்கு வயர்களையும் பழையபடி மாட்டினார். பென்சிலைப் பைக்குள் சரியாகச் செருகிக்கொண்டு நாற்காலிக்கு வந்தார். “இப்பம் போடுங்க.”

அப்பா போட்டார். அவள் ஏறினாள். மறைந்தாள்.

“இப்பத்தான் சரி” என்றார் வாத்தியார். “அதுல ஒரு இரைச்சல் இருந்துச்சு, கவனிச்சீங்களா?” கவனித்தோம் என்றார்கள் ஆபீஸ்காரர்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கண்ணைத் திறந்து வாயைப் பிளந்தவர்கள்.

அடுப்படி வாசலில் இருந்து அம்மா சொன்னாள்: “ஏன், அவ திரும்பவும் எங்க போனா?”

அம்மா அந்தக் கூட்டத்தில் பேசியது அது ஒன்றுதான். எல்லாரும் சிரித்தார்கள். “பிள்ளைக்குக் காது எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுது” என்றார் வாத்தியார். இன்னும் சிரித்தார்கள்.

நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை வால்யூம் குமிழின் மேல் இருந்தது. பாடகி மறைந்த இடத்தில் அவர் விரல் நின்றது. கண் ஒரு கணம் பெட்டிக்குப் போய், என்னிடம் வந்து, வாத்தியாரிடம் போனது. அவருக்குக் கேட்டது. எனக்குச் சந்தேகமே இல்லை, அவருக்கு நன்றாகக் கேட்டது. அவர் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார்.

“ஆமா சார். இப்பத்தான் சரியா இருக்கு” என்றார். பிறகு என்னிடம்: “மன்னிப்புக் கேளு.”

“நான் சொன்னது தப்பு சார். மன்னிச்சிருங்க” என்றேன். வாத்தியார் பெருந்தன்மையாக என் தலையில் கை வைத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கூடத்தில் ஒருவரும் சொல்லாததால் தன் காதுதான் கெட்டுவிட்டதோ என்று பயந்திருப்பார். என் காதில் நோய் என்று வாத்தியார் சொன்னதும் அந்த நிம்மதி வந்தது. ஏதோ ஒரு இடத்தில் கோளாறு இருந்தாக வேண்டும். அது தன் பெட்டியிலும் இல்லை, வாத்தியாரின் பென்சிலிலும் இல்லை, பதினோரு வயதுப் பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. எவ்வளவு சௌகரியம். எனக்கு இது புரிகிறது. புரிந்ததை நீங்கள் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டிகள் குற்றாலம் போயின. சாரல் தொடங்கிப் பத்து நாள் கழித்து, கடையைப் பார்க்க வாருங்கள் என்று துபாய்க்காரர் அழைத்ததால் அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். தெருவெல்லாம் ஈரம், எண்ணெய்த் தலைகள், நேந்திரங்காய் வறுக்கிற வாசம். அம்மா பக்கத்துக் கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகள் அலமாரியின் மேல் பாடிக்கொண்டிருந்தன. அருவியின் இரைச்சல் தெருவரைக்கும் வந்து, பாடகி ஏற்கெனவே தேய்கிற இடத்தில் அவளை மொத்தமாக மூடிவிட்டது. ஆட்கள் நிற்காமல் போனார்கள்.

துபாய்க்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் அருகில் குனிந்தார். “தாயி, அன்னைக்கு நீ செஞ்சேல்லா, அதை இங்கன செஞ்சு தாயேன். ஸ்டூல் போடுதேன். அப்பாட்ட சொல்லிக்கிட வேண்டாம்.”

“ஒங்களுக்கு அன்னைக்குக் கேட்டுச்சா மாமா?”

“கேக்காம என்ன? சார் சொல்லும்போது நாம எப்பிடிம்மா குறுக்க பேசுறது?”

நல்ல மனிதர். எனக்குச் சர்பத் வாங்கி வைத்திருந்தார். அது அவர் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“நான் சொன்னது தப்புன்னு சார்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்லா மாமா? நீங்களும் இருந்தீங்கள்லா?” என்றேன். “வேணும்னா எங்கப்பாட்ட கேளுங்க.”

அவர் நிமிர்ந்துவிட்டார். நான் சர்பத்தை வாங்காமல் அம்மாவிடம் போனேன். அந்த வயதுக்கு அது பெரிய திமிர். இப்போது இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

ஆடி மாதம் ஒரு நாள் அப்பா என்னைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனார். தோளில் துண்டு, கையில் எண்ணெய்க் குப்பி. கடைத்தெருவில் நுழைந்தபோது தூரத்திலேயே அந்தப் பாட்டு கேட்டது. துபாய்க்காரர் கடையின் முன்னால் கூட்டம். ஈரத்துண்டோடு பத்துப் பதினைந்து பேர் நடப்பதை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். சரணம். அவள் ஏறினாள். அருவி இரைந்துகொண்டுதான் இருந்தது. அவள் அதற்கும் மேலே போய், உச்சியில் நின்று, அந்தச் சொல்லை நீட்டினாள். ஒரு இழைகூடக் குறையவில்லை.

கடைக்குள் துபாய்க்காரர் எங்களைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், நான் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் கேசட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். வேறு யார் அந்த வயரைத் தொட்டிருக்க முடியும்? துபாய்க்காரர் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார், அப்பா யாருக்கும் தெரியாமல் வந்து ஸ்டூலில் ஏறி மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நன்றாக மூடியிருந்ததையே மறுபடியும் மறுபடியும் திருகினார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். வாத்தியார் அங்கே இல்லை. ஆபீஸ்காரர்கள் இல்லை. என் காதில் மட்டும் விழுகிறமாதிரி, குனிந்து சொல்லியிருக்கலாம்.

“வேகமா நடட்டி. கூட்டம் ஏறிரும்” என்றார்.

நான் நடக்கவில்லை. அந்த ஈரத்துண்டுக்காரர்களோடு நின்றேன். பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன். அப்பா அருவிப் பக்கம் போகிற கூட்டத்தோடு திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.